கார் நிறுத்த ஓரிடம்

யானையைக் கட்டித் தீனி போடுவது அரிது என்பர் பெரியோர். தீனி போடுவதைக் காட்டிலும் அதனைக் கட்டி வைக்க ஓரிடம் தேடுவதே அரிது என்பது, பழைய மோட்டார்க் கார் ஒன்றை அன்புடன் பேணி வருவோர் அநுபவத்திற் கண்ட உண்மையாகும்.

எமது மாணவன் ஒருவன் ஒருநாள் கல்லூரி வாயிலில் எமது காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சேர், இந்தக் காரிலை தூர இடங்களுக்குப் போகப் பயமில்லையோ? வழியிலை நிண்டிட்டால் என்ன செய்வியள்?" என்று கேட்டான். தானாக நின்றால் அதைத் திருத்த ஆள் உண்டு, நாமாக நிறுத்தும்போதுதான் பயம் என்று விடையளித்தோம். நாம் வேடிக்கை பேசுவதாக எண்ணி அவன் சிரித்துக்கொண்டே சென்றுவிட்டான். அன்று சொல்லாது விட்ட விளக்கத்தை இப்போது சொல்ல விரும்புகின்றோம்.

எம்மிடமுள்ளது 1959 ஆம் ஆண்டைச் சேர்ந்த மொறிஸ் மைனர். 948 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள சிறிய எஞ்சின். ஆமை போன்ற உருண்டையான உடல். அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளரின் சிந்தனையில் உருவாகி 1948 இல் வெளிவந்த இவ்வகைக் கார், பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையை முதன்முதலில் எட்டிய பிரித்தானியக் கார் என்ற பெருமையை உடையது. எமது தந்தையார் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவரிடமிருந்து இதனை வாங்கினார். 1960களில் ஏற்பட்ட இறக்குமதிக் கட்டுப்பாடுகளின் பின் புதிய கார் வாங்குவது அரிதாயிற்று. ஆகவே, இருந்த கார்களையே நம்மவர் மீண்டும் மீண்டும் திருத்தி ஓட்டினர். யாழ்ப்பாணத்து வீதிகளில் ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் நெடுங்காலம் உயிர்வாழ்ந்த இரகசியம் இதுவே.

இத்தகைய காரொன்றை நிறுத்த இடம் தேடுபவனுக்குப் பகைவர் மூவர் உளர்: மரம், மண், மனிதன்.

நிழலை விரும்பி மாமரத்தின் கீழ் நிறுத்தினால் மாம்பாலும் பிசினும் காகத்தின் எச்சமும் வர்ணத்தை அரித்துவிடும். தென்னையின் கீழ் நிறுத்தினால் தேங்காய் எப்போது விழும் என்று கடைக்குள்ளிருந்தும் வானத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மரமே வேண்டாம் என்று வெயிலில் விட்டால் வர்ணம் மங்கும். கண்ணாடியோரத்து இறப்பர் வெடிக்கும். இனி மண். பசும்புல் கண்ணுக்குக் குளிர்ச்சி, காருக்கோ நஞ்சு. புல்லின் ஈரம் மேலெழுந்து அடித்தகட்டிற் படிந்து துருவாக மாறும். மொறிஸ் மைனருக்குத் தனியாக அடிச்சட்டம் கிடையாது. அதன் உடலே அதன் எலும்பு. அடித்தகடு துருப்பிடித்தால் தோலில் வந்த நோயன்று, எலும்பில் வந்த நோயென்றே கொள்ளல் வேண்டும். மூன்றாவது பகைவனைப் பற்றி விரிக்க வேண்டியதில்லை. இக்காரின் கதவுப் பூட்டு கள்வனுக்காகப் போடப்பட்டதன்று, நல்லவனுக்காகப் போடப்பட்டது. பெயர் குறிப்பிட விரும்பாத ஓரூரில், நாம் சாப்பிட்டு எழுவதற்குள் சில்லு மூடிகள் இரண்டு மறைந்துவிட்டன. அத்தகைய மூடியைப் பணம் கொடுத்தும் இன்று எளிதிற் பெற முடியாது.

இவ்வாறான அச்சங்களையெல்லாம் மூட்டையாகக் கட்டிக்கொண்டுதான் கடந்த சித்திரை விடுமுறையில் கண்டிக்கும் கொழும்புக்கும் புறப்பட்டோம். இல்லாளும் பிள்ளைகள் இருவரும் உடன் வந்தனர். யாழ்ப்பாணத்தையும் கண்டியையும் இணைக்கும் ஏ 9 வீதியின் நீளம் ஏறக்குறைய 320 கிலோமீற்றர். விடியுமுன் புறப்பட்டு, ஆனையிறவின் வெளியிற் சூரியோதயம் கண்டு, முறிகண்டிப் பிள்ளையார் கோவிலை அடைந்தோம்.

முறிகண்டி எமக்கு மிகவும் பிடித்த நிறுத்துமிடம். அவ்வழியே செல்லும் பேருந்தும் பாரவண்டியும் புத்தம்புதிய காரும் அங்கே அருகருகே நிற்கின்றன. சாரதிகள் இறங்கிக் கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, வறுத்த கச்சான் வாங்கிக்கொண்டு பயணத்தைத் தொடர்கின்றனர். அங்கே காவலாளி எவரையும் நாம் கண்டதில்லை. ஆயினும் எமது காரை விட்டுச் செல்லும்போது ஒருமுறையேனும் திரும்பிப் பார்த்ததில்லை. எல்லோரும் தத்தம் வண்டியை நினைந்து ஒரே பிள்ளையாரை வணங்கும் இடத்தில் ஒருவன் வண்டியை மற்றொருவன் பார்த்துக்கொள்கிறான் போலும்.

தம்புள்ளையில் நிலைமை வேறு. குகைக் கோவிலைப் பார்த்து இறங்கி வருகையில், எமது காரின் கூரையிற் குரங்கொன்று கால்மேற் கால் போட்டு அமர்ந்திருந்தது. மற்றொன்று முன்கண்ணாடித் துடைப்பானின் இறப்பரை இழுத்துச் சுவைபார்த்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தனர். எமக்குச் சிரிப்பு வர அரைமணி நேரம் சென்றது.

மாத்தளையைக் கடந்து பிற்பகலிற் கண்டியை அடைந்தபோது வானம் இருண்டு இடி முழங்கியது. நாம் ஒழுங்குசெய்திருந்த விடுதி ஒரு குன்றின் மேல் இருந்தது. அறை நல்லது, காற்று நல்லது, காருக்கு மட்டும் இடமில்லை. செங்குத்தான ஒழுங்கையின் ஓரத்திலேயே நிறுத்த வேண்டும் என்றனர்.

சமநிலத்திற் பிறந்து சமநிலத்தில் ஓட்டிப் பழகிய எமக்கு மலைச்சரிவு என்றாலே நெஞ்சு படபடக்கும். இம்மாதிரிப் பழைய கார்களில் கை பிறேக், கம்பிவடத்தினாற் பின்சில்லுகளை மட்டுமே பிடிக்கின்றது. வடம் தளர்ந்தால் பிடியும் தளரும். மேல்நோக்கி நிறுத்தினால் முதலாம் கியரிலும், கீழ்நோக்கி நிறுத்தினாற் பின்செல்லும் கியரிலும் விடவேண்டும்; முன்சில்லுகளை, மேல்நோக்கி நிறுத்தினால் வீதியோரக் கல்லுக்கு எதிர்ப்புறமாகவும், கீழ்நோக்கி நிறுத்தினால் அக்கல்லை நோக்கியும் திருப்ப வேண்டும்; சில்லுக்குத் தடை கொடுக்க வேண்டும். இவையெல்லாம் தந்தையார் கற்பித்த பாடங்கள். பாடம் நினைவில் இருந்தது. தடை கொடுக்கத்தான் கல் இல்லை. கொட்டும் மழையில் குடையும் கையுமாகக் கல் தேடி அலைந்தோம்.

எதிரே சிறிய தேநீர்க்கடை. அதன் முதலாளி, எழுபது வயது மதிக்கத்தக்க சிங்களப் பெரியவர், எம்மைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் உள்ளே சென்று, ஆப்பு வடிவில் வெட்டிய இரண்டு மரக்கட்டைகளைக் கொண்டுவந்து, எம்மைக் கேளாமலே பின்சில்லுகளுக்குக் கீழே காலால் தட்டி இறுக்கினார். "மாத்தயா, எங்க தாத்தாவும் இந்த மொறிஸ் மைனர்தான் வைச்சிருந்தார். கட்டை அவர் வெட்டினது" என்று கொச்சைத் தமிழிற் கூறினார். அவ்வளவு பழைய கட்டையா என்று எமது மகள் வியந்தாள். சிங்களத்தில் 'தாத்தா' என்பது தந்தையைக் குறிக்கும் சொல் என்பதை அவளுக்கு விளக்கினோம். அவருடைய தந்தையின் கார் விற்கப்பட்டு நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. கட்டைகளை மட்டும் விற்க மனம் வரவில்லையாம்.

அன்றிரவு இரண்டு மணியளவில் விழித்து, காரைப் பார்க்க வெளியே வந்தோம். மழை விடவில்லை. மூடிய தேநீர்க்கடையின் முன்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் வெளிச்சம் நேரே எமது காரின் மேல் விழுந்தது. மறுநாட் காலையில், இரவு முழுவதும் விளக்கு எரிவது வழக்கமா என்று வினவினோம். "இல்லை, நேற்று மட்டும்" என்றார் பெரியவர். விடைபெறும்போது கட்டைகளில் ஒன்றை மகளின் கையிற் கொடுத்து, மற்றதைத் தம்மிடமே வைத்துக்கொண்டார்.

கொழும்பில் எமது தங்கல் வெள்ளவத்தையில். காலி வீதியிலிருந்து கடலை நோக்கிச் செல்லும் ஒழுங்கை ஒன்றில் உறவினர் வீடு. அங்கே கள்வர் பயத்திலும் உப்புக் காற்றின் பயமே பெரிது. ஓரிரவு நின்றாலே கண்ணாடியில் உப்புப் படிந்துவிடும். நல்ல நீராற் கழுவாதுவிட்டால் பளபளக்கும் உலோகப் பகுதிகள் புள்ளி புள்ளியாக அரிபடும். ஒழுங்கையின் ஓரமெங்கும் கார்கள் நெருங்கி நின்றன. உறவினர் தமது காரை வெளியிலெடுத்து எமது காருக்கு மதிலுக்குள் இடமளித்தார். இதிலும் பெரிய விருந்தோம்பல் கொழும்பில் வேறில்லை.

அந்நகரில் ஒரு காலத்தில் நிறுத்திய காரே அச்சத்துக்குரிய பொருளாக இருந்தது. போர் நடந்த ஆண்டுகளில் பல வீதிகளில் வாகனம் நிறுத்தத் தடை இருந்தது. ஆளின்றி நிற்கும் வண்டியைக் கண்டால் மக்கள் விலகி நடந்தனர். 1996 ஜனவரி 31 ஆம் நாள் மத்திய வங்கியில் நிகழ்ந்த குண்டுவெடிப்பின் பின் அந்த அச்சத்தைத் தவறென்று எவர் சொல்ல முடியும்? கார் வைத்திருப்பவன் காரைப் பற்றி அஞ்சினான். வீதியிற் செல்பவன் காரைக் கண்டு அஞ்சினான். இவ்வாறு எண்ணிக்கொண்டு அன்றிரவு சாளரத்தினூடே காரைப் பார்த்தபோது, அதே காலத்தில் இக்கார் இருந்த இடம் நினைவுக்கு வந்தது.

1990இன் பின் யாழ்ப்பாணத்திற்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. சில துளி பெற்றோலைக் காபுரேற்றரில் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, பின் மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம் அது. எமது காரும் வெண்புகை கக்கிக்கொண்டு ஓடியது. 1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் மாலை, வலிகாமத்து மக்கள் யாவரும் வெளியேற வேண்டும் என்ற அறிவிப்பு வந்தபோது, எம்மிடம் மண்ணெண்ணெயும் இருக்கவில்லை. இருந்திருந்தாலும், இலட்சக்கணக்கான மக்கள் கால்நடையாக நெருங்கி நகர்ந்த அந்த வீதியிற் கார் நுழைய இடமேது? தந்தையார் சில்லுகளைக் கழற்றி, காரைக் கற்களின் மேல் ஏற்றி, கிடுகுக் கொட்டிலில் விட்டார். கதவைப் பூட்டித் திறப்பை மடியிற் செருகிக்கொண்டார். அப்போது எமக்கு வயது 14. வீட்டைத் திரும்பிப் பாராத தந்தையார் கொட்டிலை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

அடுத்த ஆண்டு சித்திரை கழிந்து திரும்பி வந்தோம். வீட்டின் கூரையில் ஓடில்லை, கதவில்லை, நிலையுமில்லை. கொட்டில் இருந்த இடத்தில் ஒரு பெரிய விறகுக்குவியலே தெரிந்தது. தந்தையார் ஒன்றும் பேசாமல் நின்றார். அடுத்த வளவில் தனியே வாழ்ந்த ஆச்சி ஒருவர், நடக்க இயலாமையால் எங்கும் போகாமல் தங்கிவிட்டவர், வேலிப் பொட்டினால் மெல்ல வந்தார்.

"தம்பி, உங்கடை காரை விறகுக்குள்ளை மூடி வைச்சனான். ஒருத்தரும் காணேல்லை" என்றார்.

விழுந்த காவோலையையும் கொக்காரையையும் நாள்தோறும் இழுத்து வந்து, ஆறு மாதமாக அடுக்கியிருக்கிறார். நாம் அவற்றை அகற்ற அரைநாள் எடுத்தது. உள்ளே கார் அப்படியே இருந்தது. "அக்கா, உங்கடை அடுப்புக்கு எரிச்சிருக்கலாமே" என்று தந்தையார் தழுதழுத்தார். ஆச்சி அதற்கு விடை கூறவில்லை; எம் அம்மாவிடம் தேயிலை இருக்கிறதா என்று கேட்டார்.

தந்தையாரும் ஆச்சியும் இன்றில்லை. மதிலும் பூட்டும் சிறந்த காவலென்றே நாமும் நெடுங்காலம் நம்பியிருந்தோம். எமது வீட்டின் மதிலும் பூட்டும் 1995இல் என்னவாயின என்பதைக் கண்ணாற் கண்டும், அந்நம்பிக்கை போகவில்லை. இப்போது எங்கேனும் காரை நிறுத்தும்போது முதலிற் பார்ப்பது மதிலையன்று. அருகே ஒரு கடையோ, படலையோ, திண்ணையில் ஒரு முதியவரோ இருக்கிறாரா என்றே பார்க்கின்றோம். அவரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டே அப்பாற் செல்கின்றோம். மாணவ நண்பர்களுக்கு நாம் சொல்லக்கூடிய உபாயமும் இதுவே. அது சைக்கிளுக்கும் பொருந்தும்.

பயணம் முடிந்து வீடு திரும்பிய அன்று, காரைக் கொட்டிலில் விட்டுவிட்டுப் பொதிகளை இறக்கினோம். மகள் கண்டிக் கட்டையை எடுத்துச் சென்று, பின்சில்லின் கீழ் வைத்துக் காலால் தட்டி இறுக்கினாள். எமது வளவு சமநிலம். அங்கே கட்டை தேவையில்லை. எனினும் அதை எடு என்று சொல்ல எமக்கு மனம் வரவில்லை.