பேய் மாதத்து இலக்கணம்

அக்டோபர் 1

நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரை ஊர் ஒன்றின் தொடக்கப் பள்ளி. நான்காம் வகுப்பு ஆசிரியை, சக ஆசிரியர்கள் கொடுத்துவிட்டுப் போன ஹாலோவீன் பயிற்சித்தாள்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். ஓரமெல்லாம் வௌவால், சிலந்தி, பூசணி. நடுவில் வழக்கமான கேள்விகள்தான்: வினைச்சொல்லை அடிக்கோடிடுக, கோடிட்ட இடத்தை நிரப்புக. வௌவாலை அழித்துவிட்டு மாம்பழம் வரைந்தாலும் அந்தத் தாளில் ஒன்றும் மாறாது. எல்லாவற்றையும் அலமாரியிலேயே திரும்ப வைத்துவிடுகிறார்.

அமெரிக்கப் பள்ளிகளில் அக்டோபர் முழுவதும் 31-ஆம் தேதி வரும் ஹாலோவீனின் நினைப்பிலேயே போகும். என்ன வேடம் போடுவது, எந்தத் தெருவில் மிட்டாய் நிறையக் கிடைக்கும் என்ற பேச்சுக்கு நடுவில்தான் பாடம் நடத்தியாக வேண்டும். இந்த ஆசிரியைக்கு அந்த உற்சாகத்தை அடக்க விருப்பமில்லை. ஒரு வாக்கியம் பயமுறுத்துகிறது, இன்னொன்று பயமுறுத்தவில்லை, ஏன்? அதற்கான விடை இலக்கணத்தில் இருக்கிறது. பிள்ளைகள் அதைத் தாங்களே கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான் இந்த மாதத்துக்கு அவர் போட்டிருக்கும் திட்டம்.

அக்டோபர் 7

இன்று ரூத் பிரவுன் 1981-இல் எழுதி வரைந்த ‘எ டார்க், டார்க் டேல்’ என்ற படக்கதை. இருண்ட பொட்டல்வெளி, அதில் இருண்ட காடு, காட்டில் ஒரு வீடு; பிறகு கதவு, கூடம், மாடிப்படி, திரை, அறை, அலமாரி என்று கதை உள்ளே உள்ளே போகிறது. கடைசியில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் ஓர் எலி! கதை முழுக்க ‘உள்ளே’, ‘பின்னால்’, ‘மேலே’ என்று இடம் காட்டும் சொற்றொடர்களால் நடக்கிறது. நான்காம் வகுப்பில் கற்றுத்தர வேண்டிய இலக்கணப் பகுதியும் அதுவேதான்.

பிள்ளைகள் தங்கள் பள்ளிக்கூடத்தையே அந்த இருட்டு வீடாக்கி எழுதுகிறார்கள். உடற்பயிற்சிக் கூடம், மேடைக்குப் பின்புறம், பியானோவின் மூடிக்கு அடியில். ஒரு பையன் ‘ஒரு கை பியானோவுக்குள் இருந்தது’ என்று எழுதி வாசிக்கிறான். வகுப்பு அசையவில்லை. பக்கத்தில் இருக்கும் சிறுமி அதை மாற்றிச் சொல்கிறாள்: ‘பியானோவுக்குள் இருந்தது ஒரு கை.’ பின்வரிசையில் யாரோ கத்துகிறார்கள். சொற்கள் அதேதான், இடம்தான் மாறியது. இடத்தை முதலில் காட்டி, அங்கே இருப்பதைக் கடைசி வரை சொல்லாமல் வைத்தால் பயம் கூடுகிறது என்பதை இனி அந்தப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அக்டோபர் 10

மேட் லிப்ஸ் விளையாட்டு: கதையைக் காட்டாமல், அதன் வெற்றிடங்களுக்குப் பெயரடை, வினைச்சொல் என்று வகையை மட்டும் சொல்லிச் சொற்களைக் கேட்டு நிரப்புவது. 1953-இல் லியோனார்ட் ஸ்டெர்ன் ஒரு தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடருக்கு எழுதிக்கொண்டிருந்தபோது, ஒரு பாத்திரத்தின் மூக்கை வர்ணிக்கச் சொல் கிடைக்காமல் நண்பர் ரோஜர் பிரைஸிடம் பெயரடை கேட்டார். எதற்கு என்று தெரியாமலே பிரைஸ் சொன்ன சொற்களில் ஒன்று ‘நிர்வாணமான’. விழுந்து விழுந்து சிரித்த இருவரும் அதையே விளையாட்டாக்கி 1958-இல் புத்தகமாக வெளியிட்டார்கள். வினைச்சொல் கேட்ட இடத்தில் பெயர்ச்சொல்லைச் சொன்னால் கதை அங்கேயே நொண்டும். திருத்துவதற்கு ஆசிரியர் வாய் திறக்கவே வேண்டாம்.

பெயரடைகளை அடுக்கும் முறை அவ்வளவு சுலபமில்லை. 2010-இல் வெளியாகிப் பல மாநிலங்கள் ஏற்ற பொதுப் பாடத்தரத்தில் நான்காம் வகுப்புக்கு அது தனி உருப்படியாகவே இருக்கிறது. ஆங்கிலத்தில் அளவு முன்னால் வரும், நிறம் பின்னால் வரும். டோல்கீன் சிறுவனாக ஒரு டிராகன் கதை எழுதியபோது, ‘கிரீன் கிரேட் டிராகன்’ என்று சொல்லக் கூடாது, ‘கிரேட் கிரீன் டிராகன்’ என்றுதான் சொல்ல வேண்டும் என்று அம்மா திருத்தினாராம். ஏன் என்று அப்போதும் வியந்தேன், இப்போதும் வியக்கிறேன் என 1955-இல் ஒரு கடிதத்தில் அவர் குறிப்பிட்டிருக்கிறார். ஆசிரியை விதியை எழுதிப்போடவில்லை. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பூதமும் ஐந்து பெயரடை அட்டைகளும் கொடுத்து, காதுக்கு எது சரியாகப் படுகிறது என்று அடுக்கச் சொல்கிறார். வீட்டில் ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளுக்கு இது கடினம். அங்கே நிறம் பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வரும். அவர்களுடைய மேசையில்தான் அவர் அதிக நேரம் நிற்கிறார்.

அக்டோபர் 16

செயப்பாட்டு வினையைக் கற்றுத்தர ஸோம்பிகள், அதாவது நடைபிணங்கள், வருகின்றன. அமெரிக்க மரைன் படையினருக்குப் பாடம் நடத்திய ரெபெக்கா ஜான்சன் 2012-இல் ட்விட்டரில் ஒரு சோதனையைச் சொன்னார்: ஆங்கில வாக்கியத்தில் வினைக்குப் பின்னால் ‘ஸோம்பிகளால்’ என்று சேர்த்துப் பார், பொருந்தினால் அது செயப்பாட்டு வினை. ‘ஜன்னல் உடைக்கப்பட்டது’, பொருந்துகிறது. ‘நாய் ஜன்னலை உடைத்தது’, பொருந்தவில்லை. பொருந்தும் போதெல்லாம் ஒரு மாணவன் கைகளை நீட்டிக்கொண்டு வகுப்பைச் சுற்றி நடக்கலாம் என்பது ஏற்பாடு. சோதனையில் ஓர் ஓட்டை உண்டு. ஆங்கிலத்தின் ‘பை’ என்ற சொல்லுக்கு ‘பக்கத்தில்’ என்றும் பொருள் இருப்பதால், ஸோம்பிகளின் பக்கமாக நடந்துபோன பெண்ணும் சோதனையில் தேறிவிடுவாள். ஆசிரியை இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறார். அந்த ஓட்டையில் மாட்டும் வேறு வாக்கியங்களைத் தேடுவது இன்றைய வீட்டுப்பாடம்.

இதற்கு அடுத்த கேள்விதான் முக்கியம்: செய்தவரை ஏன் மறைக்க வேண்டும்? பக்கத்து ஊரே அதற்கு உதாரணம். வாஷிங்டன் இர்விங் 1820-இல் வெளியிட்ட தலையில்லாக் குதிரைவீரன் கதை நடக்கும் இடம் அது. நார்த் டாரிடவுன் என்றிருந்த ஊர், 1996-இல் கதையில் வரும் ஸ்லீப்பி ஹாலோ என்ற பெயரையே சூட்டிக்கொண்டது. கதையில் பள்ளி ஆசிரியர் இக்கபாட் கிரேன் ஓரிரவு காணாமல் போகிறார். மறுநாள் அவருடைய தொப்பியும், பக்கத்தில் சிதறிய பூசணிக்காயும் கிடைக்கின்றன. எறிந்தது யார் என்று இர்விங் சொல்வதில்லை, கிரேனின் போட்டியாளன் பிராம்தான் என்று குறிப்பு மட்டும் காட்டுகிறார். ‘பிராம் பூசணியை எறிந்தான்’ என்று பலகையில் எழுதினால் அது போலீஸ் புகார் போல இருக்கிறது. ‘பூசணி எறியப்பட்டது’ என்றதும் வகுப்பு முழுக்க யார், யார் என்று கேட்கிறது.

அக்டோபர் 22

இதே ஊரின் நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு எட்கர் ஆலன் போ. 1843-இல் வந்த ‘தி டெல்-டேல் ஹார்ட்’ கதையில் கொலைகாரனே பேசுகிறான். துண்டு துண்டான வாக்கியங்கள், இடையிடையே நீண்ட கோடுகள், சொன்னதையே திரும்பச் சொல்லும் பதற்றம். மாணவர்கள் ஒரு பத்தியின் குட்டி வாக்கியங்களை இணைப்புச் சொற்கள் போட்டு இரண்டே நீள வாக்கியங்களாகக் கோக்கிறார்கள். இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. ஆனால் பேசுகிறவன் பைத்தியமாக இல்லை, வக்கீலாகிவிட்டான்!

வாக்கியங்களைக் கோப்பது விளையாட்டுக்காக மட்டும் அல்ல. இலக்கணத்தைத் தனியே உருப்போடுவதால் எழுத்து மேம்படுவதில்லை என்று எழுத்துக் கற்பித்தல் ஆய்வுகளைத் தொகுத்த பிராடாக் குழுவின் அறிக்கை 1963-லேயே சொன்னது. ஸ்டீவ் கிரஹாமும் டோலோரெஸ் பெரினும் 4 முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான ஆய்வுகளைத் தொகுத்து 2007-இல் வெளியிட்ட அறிக்கையில், வாக்கிய இணைப்புப் பயிற்சியால் எழுத்து எவ்வளவு மேம்பட்டது என்பதைக் காட்டும் விளைவு அளவு 0.50. மரபான இலக்கணப் பாடத்துக்கு அது பூஜ்யத்துக்கும் கீழே, கழித்தல் 0.32. வௌவால் படம் போட்ட பயிற்சித்தாளும் அந்தக் கழித்தல் கணக்கில்தான் சேரும். எதை எப்படிச் சொன்னால் என்ன ஆகும் என்று மாணவன் ஒப்பிட்டுப் பார்க்கும் இடத்தில்தான் இலக்கணம் வேலை செய்கிறது.

அக்டோபர் 25

மத நம்பிக்கை காரணமாக ஹாலோவீன் கொண்டாடாத குடும்பங்கள் உண்டு. யெகோவாவின் சாட்சிகள் அப்படித்தான். அந்தப் பிள்ளைகளை நூலகத்துக்கு அனுப்பி உட்காரவைப்பது அநியாயம். ஆசிரியை அவர்களுக்குப் பேய்க்குப் பதில் புயலையும் இருட்டுக் குகையையும் தருகிறார். வேலை எல்லாருக்கும் ஒன்றுதான்.

நவம்பர் 6

பூசணிகள் போய்விட்டன. அறிவியல் பாடத்தில் உப்புக் கரைசல் சோதனையைப் பற்றி அறிக்கை எழுதுகிறார்கள். ‘நீர் சூடாக்கப்பட்டது’ என்று ஒருத்தி எழுத, ‘ஸோம்பிகளால்!’ என்கிறான் பக்கத்துப் பையன். அவள் அழிப்பானை எடுக்கிறாள், பிறகு கீழே வைத்துவிடுகிறாள். சூடாக்கியது யார் என்பது இந்தச் சோதனைக்கு முக்கியமில்லை, அதனால் இப்படியே இருக்கட்டும் என்று வாதாடுகிறாள். ஆனால் அதற்கு அடுத்த வரி, ‘உப்பு தவறாக அளக்கப்பட்டது.’ இதில் யார் என்று கட்டாயம் சொல்லியாக வேண்டும் என்கிறான் அவன். அவள் ஒப்புக்கொண்டு, அளந்தவனின் பெயரை எழுதுகிறாள். அவனுடைய பெயரைத்தான்.