ஆறு எண்களும் ஒரு அரியர் பேப்பரும்

அன்புள்ள சரவணா,

பெரியப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருக்கிறோம். கொஞ்ச நாள் எதுவும் படிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னாலும் சொன்னார், பேப்பரில் வரி விளம்பரம் வரைக்கும் நான்தான் வாசித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. உன் கடிதத்தையும் சத்தமாகத்தான் படித்தேன். வகைக்கெழுச் சமன்பாட்டில் நல்ல மார்க் என்றதும் தலையை ஆட்டிக்கொண்டார். நிகழ்தகவு பேப்பரை அரியர் வைத்துவிட்டுக் கடைசி வருஷம் பார்த்துக்கொள்கிறேன் என்ற வரி வந்ததும் எனக்குத்தான் குரல் நின்றுவிட்டது.

"ராக்கெட் நியூட்டன் சொன்னபடி போகும் பெரியம்மா, பகடை உருட்டியா போகும்?" என்று கேட்டிருக்கிறாய். உன் அம்மாவிடம் சொல்லியிருந்தால் பெருமையாக ஊரெல்லாம் சொல்லியிருப்பாள். காலமெல்லாம் கணக்கு வகுப்பு எடுத்தவளிடம் வந்து சொல்லலாமாடா?

நீ சொல்வது பாதி சரி, அதனால்தான் கோபம் கூடுதலாக வருகிறது. பூமியைச் சுற்றும் கலத்தின் முடுக்கம், பூமியின் மையத்திலிருந்து அது இருக்கும் தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம். அந்த ஒரு வரியை இரண்டு முறை தொகையிட்டால் பாதை வந்துவிடும். பூமி நடுவில் சற்று உப்பியிருப்பது, நிலாவும் சூரியனும் இழுப்பது, மேலே மிச்சமிருக்கும் காற்றின் உராய்வு, சூரிய ஒளியின் அழுத்தம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகலாம். கம்ப்யூட்டர் சளைக்காது. ஆனால் அதற்குத் தொடக்கமாக ஆறு எண்கள் கொடுக்க வேண்டும்: ஏதாவது ஒரு நொடியில் கலம் இருக்கும் இடத்துக்கு மூன்று, திசைவேகத்துக்கு மூன்று. உன் வினாத்தாளில் அதை ஆசிரியரே அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார். மேலே பறக்கிற கலத்துக்கு யார் கொடுப்பார்கள்?

பேனாவை எடு. பூமி மையத்திலிருந்து 7,000 கிலோமீட்டரில் வட்டமாகச் சுற்றும் ஒரு கலம். அந்த ஆரத்தில் உனக்கு 1 கிலோமீட்டர் தப்பு என்று வை. கெப்ளரின் மூன்றாம் விதிப்படி சுற்றும் நேரத்தில் 1.25 நொடி தப்பும். நொடிக்கு 7.5 கிலோமீட்டர் ஓடுகிற கலம், ஆகவே ஒரே சுற்றில் நீ நினைத்த இடத்துக்கு 9.4 கிலோமீட்டர் முன்னாலோ பின்னாலோ போயிருக்கும். ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 15 சுற்று. நாளைக்கு இதே நேரம் அது உன் கணக்கிலிருந்து 140 கிலோமீட்டர் விலகியிருக்கும், நீ வெறும் வானத்தைப் பார்த்து ஆன்டெனாவைத் திருப்பி வைத்திருப்பாய். இத்தனைக்கும் நீ போட்ட சமன்பாடு சுத்தமாகச் சரி.

கணித மேதை கௌஸைப் பற்றி லீவில் வந்தபோதெல்லாம் சொல்லியிருக்கிறேன், மீதியை இப்போது கேள். 1801 ஜனவரி 1 அன்று சிசிலியின் பலெர்மோவில் பியாஸி என்ற பாதிரியார் சீரிஸ் என்ற குறுங்கோளைக் கண்டுபிடித்தார். பிப்ரவரி 11 வரைக்கும்தான் பார்க்க முடிந்தது. அதற்குள் அவருக்கு உடம்பு முடியாமல் போய், சீரிஸும் சூரிய வெளிச்சத்துக்குள் மறைந்துவிட்டது. மொத்தத்தில் வானத்தில் அது நகர்ந்து காட்டியது சுமார் 3 பாகை. அந்தத் துணுக்கை வைத்துக்கொண்டு 24 வயது கௌஸ் முழுப் பாதையையும் கணித்தார். ஆண்டு முடிவதற்குள் அவர் சொன்ன இடத்துக்குப் பக்கத்திலேயே ட்ஸாக் என்ற வானியலாளர் அதைத் திரும்பப் பிடித்துவிட்டார். சூரியனைச் சுற்றும் வான்பொருள்களின் இயக்கத்தைப் பற்றி 1809-இல் கௌஸ் ஒரு புத்தகம் போட்டார். மீச்சிறு வர்க்க முறையை அவர் விளக்கியது அதில்தான். (லெஜாந்தர் 1805-லேயே அச்சில் கொண்டுவந்துவிட்டார். அந்தச் சண்டையை நேரில் சொல்கிறேன், சுவாரசியமாக இருக்கும்.) நீ கண்டாலே முகம் சுளிக்கும் மணி வடிவ வளைவை, அளவீட்டுப் பிழைகளின் விதியாக அவர் வருவித்துக் காட்டியதும் அதே புத்தகத்தில்தான். இரண்டு பேப்பராகப் பிரித்தது உங்கள் சிலபஸ் கமிட்டி.

செயற்கைக்கோள் காலத்திலும் இதே கதைதான். 1957 அக்டோபரில் ஸ்புட்னிக் மேலே போனதும், அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு இயற்பியல் ஆய்வகத்தில் கையர், வைஃபன்பாக் என்ற இரண்டு பேர் அதன் சிக்னலைப் பிடித்துக் கேட்டார்கள். கலம் நெருங்கும்போது அதிர்வெண் கூடும், விலகும்போது குறையும்; இதுதான் டாப்ளர் விளைவு. நம்மை நோக்கி எவ்வளவு வேகம் என்பதைத் தவிர டாப்ளருக்கு வேறு எதுவும் சொல்லத் தெரியாது. உயரம் தெரியாது, பக்கவாட்டு வேகம் தெரியாது. ஆனாலும் அதிர்வெண் மாறிய அந்த ஒற்றை வளைவிலிருந்து பாதையை எடுத்துவிட்டார்கள். பத்து மணி அளவீடும் பத்து ஐந்து அளவீடும் ஒரே ஆறு எண்களிலிருந்து, ஒரே வகைக்கெழுச் சமன்பாட்டின் வழியாக வந்தாக வேண்டும் அல்லவா, அந்தக் கட்டுப்பாடுதான் காப்பாற்றியது. தெரியாதவை ஆறு, அளவீடுகளோ குவியல் குவியலாக, எல்லாவற்றிலும் இரைச்சல். எல்லாவற்றோடும் அப்பழுக்கில்லாமல் ஒத்துப்போகும் பாதை ஒன்றுகூடக் கிடைக்காது. இவ்வளவையும் பார்த்த பிறகு எந்தப் பாதைக்கு வாய்ப்பு அதிகம், அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்றுதான் கேட்க முடியும். இது எந்தப் பேப்பரில் வருகிறது, நீயே சொல்.

உனக்குப் பிடிக்கப் போகிற இடத்துக்கு வருகிறேன். எவ்வளவு நம்பலாம் என்பதை ஆறுக்கு ஆறு கோவேரியன்ஸ் மேட்ரிக்ஸாக எழுதுவார்கள். மூலைவிட்டத்தில் அந்தந்த எண்ணைப் பற்றிய சந்தேகம். மற்ற கட்டங்களில், ஒன்றில் தப்பு இருந்தால் இன்னொன்றிலும் எந்தப் பக்கம் தப்பும் என்ற தொடர்பு. இந்த மேட்ரிக்ஸும் காலத்தோடு மாறும். அதை மாற்றுவது, பாதையைச் சற்று அசைத்தால் பிற்பாடு எவ்வளவு அசையும் என்று நேரியலாக்கி எழுதுகிறாயே, அதே வகைக்கெழுச் சமன்பாடு. இன்றைக்கு உருண்டையாக இருக்கும் சந்தேகம், மேலே போட்ட 9.4 கிலோமீட்டர் கணக்கினால், பாதையோடு நீண்டு நீண்டு ஒரு நாள் வாழைப்பழம் மாதிரி வளைந்து கிடக்கும். மேட்ரிக்ஸுக்கு நீள்வட்டம்தான் வரையத் தெரியும், வளைவு வராது. அங்கிருந்து விஷயம் கஷ்டம், ஆனால் அழகு. உன் ப்ராஜெக்டுக்கு எடுத்து வைத்துக்கொள்.

கால்மன் 1960-இல் எழுதிய கட்டுரை, அளவீடு வர வர மதிப்பீட்டை உடனுக்குடன் திருத்திக்கொண்டே போகும் வழியைச் சொன்னது. நாசாவின் ஏம்ஸ் மையத்தில் ஸ்டான்லி ஷ்மிட் அதை நிலாப் பயணக் கணக்குக்கு ஏற்றபடி வளைத்தெடுத்தார். கால்மன் ஃபில்டர் என்று சொல்லும் அந்த வழிக்கு ஒரு வியாதி உண்டு. நிறைய அளவீடு பார்த்ததும் கோவேரியன்ஸ் சுருங்கிப்போய், இனி எல்லாம் தெரியும் என்ற நினைப்பு வந்து, புதிதாக வருவது எதையும் காதில் போட்டுக்கொள்ளாது. கலம் ஒரு பக்கம் போகும், ஃபில்டர் ஒரு பக்கம் போகும். சமன்பாட்டில் நாம் விட்டுப்போன சின்ன விசைகள் இருக்கின்றன என்று ஒப்புக்கொண்டு, ஒவ்வொரு அடியிலும் வேண்டுமென்றே கொஞ்சம் சந்தேகத்தைக் கலப்பதுதான் மருந்து. யாரை மனதில் வைத்து எழுதுகிறேன் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

1999 செப்டம்பர் 23-இல் செவ்வாயில் தொலைந்துபோன மார்ஸ் க்ளைமேட் ஆர்பிட்டரைப் பற்றி, பவுண்டு, நியூட்டன் குழப்பம் என்று வகுப்பில் ஒரு ஜோக்காகச் சொல்லி முடித்திருப்பார்கள். சுழல்சக்கரங்களின் வேகத்தைக் குறைப்பதற்காகச் சின்ன த்ரஸ்டர்களை அடிக்கடி இயக்கினார்கள். அந்த உதைப்பின் அளவு ஒரு பக்கம் பவுண்டில் வந்தது, இன்னொரு பக்கம் நியூட்டனாக எடுத்துக்கொண்டார்கள், 4.45 மடங்கு வித்தியாசம். அத்தனை மாதம் அது ஏன் கண்ணில் படவில்லை என்று யாராவது சொன்னார்களா? உதைப்பு பெரும்பாலும் பூமியிலிருந்து பார்க்கும் கோட்டுக்குக் குறுக்காக இருந்தது, டாப்ளர் பார்க்காத திசை. 226 கிலோமீட்டர் உயரத்தில் போக வேண்டியது 57 கிலோமீட்டருக்கு இறங்கியிருந்தது என்று பிற்பாடு தெரிந்தது. கடைசி வாரத்திலேயே மதிப்பீடுகள் 150, 170 என்று கீழே வந்துகொண்டிருந்தன. அந்த எண்களைச் சுற்றி எவ்வளவு சந்தேகம் இருக்கிறது என்று யாராவது பிடிவாதமாகக் கேட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். நீ அப்படிக் கேட்கிறவனாக வர வேண்டும் என்று ஆசை.

சீட்டுக்கட்டும் சிவப்புப் பந்து நீலப் பந்தும் அலுப்பாக இருக்கிறது என்கிறாய். எனக்கும் அலுப்புதான், சீக்கிரம் தாண்டிவிடு. நிபந்தனை நிகழ்தகவு, பேய்ஸ் தேற்றம், பல மாறிகளின் இயல்நிலைப் பரவல், இவற்றில் உட்கார். டாப்லி, ஷூட்ஸ், பார்ன் மூவரும் எழுதிய சுற்றுப்பாதைப் புத்தகம் உங்கள் லைப்ரரியில் இருந்தால் எடு. அதில் முதல் பின்னிணைப்பே நிகழ்தகவுதான், அங்கேயிருந்து ஆரம்பித்தாலும் சரி. அதே 7,000 கிலோமீட்டர் கலத்துக்கு, போகும் திசையில் நொடிக்கு 1 மீட்டர் வேகத் தப்பு என்றால் ஒரு நாளில் எவ்வளவு விலகும் என்று போட்டு அனுப்பு. என்னிடம் விடை இருக்கிறது, இன்டர்நெட்டில் தேடி எழுதினால் கண்டுபிடித்துவிடுவேன்.

மெஸ் சாப்பாடு பிடிக்கவில்லை என்று ராத்திரி பட்டினி கிடக்காதே. பருப்புப் பொடியும் எள்ளுப் பொடியும் பார்சலில் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் பண்ணு. அரியர் விஷயம் அவளிடம் நான் மூச்சு விடவில்லை, நவம்பரில் எழுதிவிடுவாய் என்ற நம்பிக்கையில்.

அன்புடன்,
பெரியம்மா