கடைசிச் சீட்டு

கழிவு கூறுகிற ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு ஒரு கல்பணிஸ் சம்பளம். சீ.ஆர். கொப்பியில் இருபது பேரின் பெயரையும் வரிசையாக எழுதி, யார் கட்டியது, யார் மிச்சம் வைத்தது என்று கோடு போட்டு வைப்பது என் வேலை. அம்மம்மாவுக்கு எழுத்துத் தெரியும், கண்தான் தெரியாது. கண்ணாடி எடுக்க யாழ்ப்பாணம் போகவேண்டும் என்று 2002 இல் ஏ9 பாதை திறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தா. போகவேயில்லை. பேரனுக்குக் கண் இருக்கும்போது கண்ணாடிக்கு ஏன் காசு என்பது அவவின் கணக்கு.

விசுவமடுவில், ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் வளவு. மாமரத்தின் கீழ் இரண்டு பாய் விரித்து, நடுவில் வெற்றிலைத் தட்டம் வைத்தால் சீட்டுக்குரிய ஏற்பாடு முடிந்துவிடும். அம்மம்மாதான் தாச்சி, சீட்டை நடத்துகிறவ. ஆளுக்கு மாதம் ஆயிரம் ரூபா, இருபது பேர், இருபது மாதம். முதல் மாதத்து இருபதாயிரமும் கழிவில்லாமல் தாச்சிக்குப் போகும். பிறகு வருகிற மாதங்களில் யாருக்குக் காசு அவசரமோ அவர்கள் கழிவு கூறவேண்டும்.

“ரெண்டாயிரம்” என்று ஒருவர் தொடங்குவார். “ரெண்டு ஐந்நூறு.” “மூண்டு.” கொஞ்ச நேரம் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். வெற்றிலை மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்கும். பிறகு பின்னாலிருந்து ஒரு குரல் “நாலு” என்று வரும். அவ்வளவுதான். நாலாயிரம் கழிவு கூறியவருக்குப் பதினாறாயிரம் போகும். கழித்த நாலாயிரத்தை இருபது பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு இருநூறு. ஆகவே அந்த மாதம் எல்லாரும் எண்ணூறு கட்டினால் போதும். எடுத்தவர் மிச்ச மாதங்களுக்கும் ஒழுங்காகக் கட்டிக்கொண்டு வரவேண்டும்.

ஆவணி, புரட்டாதியில் கழிவு ஏறும். காலபோக விதைப்புக்கு உழவு, விதைநெல், உரம் எல்லாம் ஒரே நேரத்தில் காசு கேட்கும். தை, மாசியில் அரிவு வெட்டு முடிந்து நெல் வித்த காசு கையில் புரளும்போது கூறுவதற்கு ஆள் இராது. ஆயிரத்து ஐந்நூறுக்கே சீட்டு விழுந்துவிடும். வட்டி வீதம் ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்று பிற்பாடு வர்த்தகப் பிரிவில் படித்தபோது எனக்கு மாமர நிழலும் பாயும்தான் கண்ணுக்குள் வந்தன. பாடப்புத்தகம் அதைவிடக் குழப்பமாகச் சொல்லியிருந்தது.

ஒருநாள் கொப்பியைக் கூட்டிப் பார்த்தேன். மூன்றாம் மாதம் எடுத்தவருக்குக் கிடைத்தது பதினாறாயிரம். ஒருமுறையும் கூறாமல் பொறுத்திருந்து கடைசியில் எடுத்தவரோ எல்லாமாகப் பதினேழாயிரத்துச் சொச்சம் கட்டி, முழு இருபதாயிரத்தையும் கொண்டுபோனார்.

“அப்ப கடைசியா எடுக்கிறவைதானே அம்மம்மா கெட்டிக்காரர்?”

அவ பாக்கு வெட்டுவதை நிறுத்தினா.

“முந்தி எடுக்கிறவை கடன்காரர் அப்பன். அந்த நாலாயிரம் அவையின்ரை அவசரத்துக்கு விலை. கடைசியா எடுக்கிறவை எங்களை நம்பிக் காசைத் தந்திட்டு இருக்கினம். அவைக்கு வாற லாபம் அந்த நம்பிக்கைக்குத்தான். கெட்டித்தனம் எண்டு ஆர் சொன்னது?”

அந்த வயதில் எனக்கு முதற்பாதிதான் விளங்கியது.

அவவிடம் இருந்த காசு ஒரே இடத்தில் இருந்ததில்லை. இடுப்பில் செருகிய கொட்டப்பெட்டியில் கைச்செலவுக்கு. தலையணை உறைக்குள் வங்கிப் புத்தகம். கையில் இரண்டு காப்பு, பூவோ கல்லோ இல்லாத மொட்டைக் காப்பு. மற்றப் பெண்கள் கல்லுப் பதித்த நெக்லஸ் கொண்டுவந்து காட்டும்போது, “வடிவாய் இருக்கு” என்று வாயாரச் சொல்லுவா. அவர்கள் போனபிறகு என்னிடம், “விக்கேக்கை கல்லுக்கு ஒருத்தனும் காசு தரான். கூலியும் போச்சு, சேதாரமும் போச்சு” என்பா. நாலாவது, உடையார்கட்டில் ஒரு வீட்டில் வாரத்துக்கு விட்டிருந்த சிவப்பி என்ற பசு. ஒரு கன்று வளர்க்கிறவர்களுக்கு, அடுத்தது எங்களுக்கு. பால் முழுக்க அவர்களுக்கே. பால் நமக்கில்லாத மாட்டை எதற்கு நம் மாடு என்று சொல்லவேண்டும் என எனக்குப் பெரிய கோபம். மூன்றாம் வருடம் சிவப்பி ஈன்ற நாகு கன்று கயிற்றோடு எங்கள் படலைக்கு வந்த அன்று கோபம் போய்விட்டது.

இப்படிப் பிரித்து வைக்கிற பழக்கம் இரண்டு சூட்டில் வந்தது. ஒன்று அவவின் தகப்பன். 1970 இன் கடைசியில் நிதியமைச்சர் என்.எம். பெரேரா 50, 100 ரூபாத் தாள்கள் செல்லாது, வங்கியில் கொடுத்து மாற்றவேண்டும் என்று அறிவித்தபோது, அந்த மனிதர் பெட்டகத்தின் அடியில் சீலையில் சுற்றி நூறு ரூபாத் தாள்களாகவே வைத்திருந்தார். வங்கிக்குக் கொண்டுபோனால் எங்கால் வந்தது என்று கேட்பார்கள் என்று பயந்து, கொஞ்சத்தை மாற்றி மிச்சத்தை அப்படியே விட்டுவிட்டார். அந்தத் தாள்களில் ஒன்றை அம்மம்மா எனக்குக் காட்டியிருக்கிறா. நல்ல மொரமொரப்பாக, அழுக்கேயில்லாமல் இருந்தது.

மற்றது அம்மப்பா. படித்த வாலிபர்களுக்கு விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் காணி கொடுத்த காலத்தில் தென்மராட்சியிலிருந்து காடு வெட்ட வந்தவர். சிறிமாவோ அரசு மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்த, செத்தல் மிளகாய்க்கு வந்ததே ஒரு விலை! முற்றம் முழுக்கச் சிவப்பாகக் கிடக்குமாம். லொறிக்காரர் படலையில் காத்து நிற்பார்களாம். அம்மப்பா வந்த காசையெல்லாம் திரும்பவும் மிளகாய்க்கே போட்டார். இன்னொரு இறைப்பு மிசின், இன்னொரு துண்டுக் காணி, கூலிக்கு இன்னும் பத்துப் பேர். 1977 இல் ஜே.ஆர். அரசு வந்து இறக்குமதியைத் திறந்துவிட்டது. அடுத்த போகங்களில் மிளகாய் பழுத்துக் கிடக்க, ஆய்கிற கூலிக்கும் கட்டவில்லை. அவர் செய்த பிழை ஒன்றுமில்லை, மண்ணும் தண்ணீரும் உழைப்பும் அதேதான். விலை கொழும்பில் ஒரு மேசையில் தீர்மானிக்கப்பட்டது, அவர் அதைத் தன் தோட்டத்தின் குணம் என்று நினைத்துவிட்டார். பங்குச்சந்தையில் ஒரே கம்பெனியில் முழுக்காசையும் போட்டுவிட்டு, ஏறுகிறவரை தன் புத்தி என்றும் இறங்கினால் தன் விதி என்றும் சொல்கிற நண்பர்களைக் காணும்போது எனக்கு அம்மப்பாவின் துருப்பிடித்த இரண்டு மிசின்களும் நினைவுக்கு வரும். கிணற்றடியில் அவற்றின் மேல்தான் நாங்கள் உடுப்புக் காயப்போட்டோம்.

அம்மம்மா நடத்திய கடைசிச் சீட்டு 2007 ஐப்பசியில் தொடங்கியது. ஏ9 பாதை திரும்பவும் மூடி ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. வேண்டாம் என்று அம்மா சொல்லிப் பார்த்தா. சனம் வந்து கேட்டால் அம்மம்மாவுக்கு மறுக்கத் தெரியாது. அந்த இருபது பேரில் ஒரு தையல்காரி அக்கா இருந்தா. பள்ளிச் சட்டை தைப்பா, அதுவும் இரவல் மிசினில். எத்தனை அவசரத்திலும் அவ கழிவு கூறவில்லை. முழு இருபதாயிரமாக எடுத்துச் சொந்த மிசின் வாங்கப்போகிறேன் என்று ஒவ்வொரு மாதமும் எனக்குச் சொல்லுவா. கொப்பியில் அவவின் பெயருக்கு நேரே ஒரு மிச்சக்கோடும் விழுந்ததில்லை.

2008 மார்கழியில் பதினைந்தாவது சீட்டு. அதற்குள் போரால் இடம்பெயர்ந்த கிளிநொச்சிப் பக்கத்துச் சனம் எங்கள் வளவுக்குள் தறப்பாள் கட்டியிருந்தார்கள். பாய் விரிக்க இடமில்லாமல் நின்றபடியே கூறினார்கள். தைமாதக் கடைசியில் நாங்களும் வெளிக்கிட்டோம்.

காசுக்கு என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன், மற்றதை எழுத இது இடமில்லை. நாகு கன்றின் கயிற்றை அம்மம்மா தானே அறுத்துவிட்டா. அந்த மாதங்களில் வன்னி முழுக்கக் கயிறறுத்த மாடுகள் திரிந்தன. கொட்டப்பெட்டியிலிருந்த தாள்கள் சுதந்திரபுரம் வரைக்கும் வந்தன. மாத்தளனில் ஒரு காப்பு சில கிலோ அரிசியும் ஒரு பால்மாப் பெட்டியுமானது. பவுண் எங்கேயும் விலைபோகும் என்று நம்பியிருந்த எங்களுக்கு, விற்க ஆயிரம் பேரும் வாங்க நாலு பேரும் நிற்கிற இடத்தில் பவுணும் மிளகாய்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சீ.ஆர். கொப்பி எந்தப் பங்கருக்குள் போனதோ தெரியாது. அம்மம்மாவின் இடுப்பில் சொப்பிங் பையில் சுற்றிக் கட்டிய வங்கிப் புத்தகம் மட்டும் மற்றக் காப்போடு செட்டிகுளம் மனிக் பாம் முகாம்வரை வந்து சேர்ந்தது.

முகாமுக்குள் வங்கிகள் தற்காலிகக் கிளை திறந்திருந்தன. ஊறிப் பிசைந்துபோன புத்தகத்தை யன்னலுக்குள் நீட்டினோம். இலக்கத்தில் பாதிதான் தெரிந்தது. உள்ளே இருந்த பிள்ளை அடையாள அட்டை இலக்கத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இருக்குது அம்மா” என்றது. அம்மம்மா நம்பவில்லை. இத்தனை நாளும் உயிரைப்போலக் கட்டிக் காத்த புத்தகம் வெறும் கடதாசி என்பதும், கணக்கு வேறெங்கோ பத்திரமாக இருந்தது என்பதும் அவவுக்குப் பெரிய அதிசயம். முகாமில் கண்டவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தா.

2010 இல் ஊருக்குத் திரும்பியபோது ரோட்டோரம் முழுக்க லீசிங் கம்பெனிகளின் பலகை. எனக்கு வேலை கிடைத்ததும் நானும் ஒரு மோட்டார் சைக்கிள் எடுத்தேன். மாதக்காசைச் சொன்னார்கள், சிறிதாக இருந்தது, கையெழுத்து வைத்தேன். அம்மம்மா மாதக்காசைக் கேட்கவில்லை. எத்தனை மாதம் என்று கேட்டா. பெருக்கிப் பார்த்தால் கிட்டத்தட்ட ஒன்றரைச் சைக்கிளின் விலை.

“முந்திச் சீட்டெடுத்திட்டாய் மோனை” என்றா. திட்டவில்லை.

பிறகு நுண்கடன் வந்தது. கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலில் வந்து நின்று கட்டச்சொல்கிற கடன். ஒன்றைக் கட்ட இன்னொன்று, அதைக் கட்ட மூன்றாவது என்று எங்கள் ஒழுங்கையிலேயே பெண்கள் ஓடி ஒளிந்தார்கள். 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட பெண்களின் கடனை அரசே தள்ளுபடி செய்யவேண்டி வந்தது. மாமரத்தடியில் கழிவு எவ்வளவென்று எல்லாருக்கும் முன்னால் உரத்துச் சொல்லப்படும். இங்கே வட்டியைச் சின்ன எழுத்தில் அச்சடித்திருந்தார்கள்.

அம்மம்மா 2019 இல் போய்விட்டா. 2022 ஐக் காணாதது நல்லதென்றே நினைக்கிறேன். முந்தின வருடம் ஆறு வீதம்கூட வராத வட்டிக்கு நான் நிலையான வைப்பில் போட்ட காசு அப்படியே இருந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் மே மாதம் 360 ஐத் தாண்டியது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் ஒரு வருடத்தில் 69.8 வீதம் ஏறியிருந்தது. என் வைப்புப் பத்திரத்தைக் கையில் வைத்துப் பார்த்தேன். பூட்டனாரின் நூறு ரூபாத் தாளைப்போல அதுவும் அழுக்கில்லாமல் இருந்தது.

இப்போது யாராவது என்னிடம் எங்கே காசு போடலாம் என்று கேட்டால், எத்தனை வீதம் தருகிறார்கள் என்பதைக் கடைசியாகத்தான் கேட்பேன். முதலில் கேட்பது அம்மம்மாவின் இரண்டு கேள்விகளை. “ஆற்றை கையிலை குடுக்கிறாய்? தேவைப்படேக்கை கைக்கு வருமே?” முதலாவதற்கு, மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலைப் பார்த்துக்கொள்ளலாம். அப்படியான ஒரு நிறுவனம் விழுந்தாலும் காப்புறுதித் திட்டத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரைதான் திரும்பக் கிடைக்கும். இரண்டாவதற்குப் பட்டியல் இல்லை. ஆறு மாதச் செலவுக்குரிய காசை எந்த ஆசைக்கும் பூட்டிவைக்காமல் விட்டுவிடுவதுதான் நான் செய்கிறது.

அந்தப் பதினைந்தாம் சீட்டோடு நின்றதில் எடுக்காமல் மிஞ்சியவர்கள் ஐந்து பேர். எடுத்தவர்களில் பலர் உயிரோடில்லை, இருந்தவர்களிடம் கட்டக் காசில்லை. கொப்பியும் இல்லை. போர் தின்ற காசை யாரும் தாச்சியிடம் கேட்கமாட்டார்கள் என்று நாங்கள் எல்லாரும் சொன்னோம். அம்மம்மா என்னை இருத்தி மாதமாதமாகக் கழிவுகளை நினைவிலிருந்து சொன்னா, நான் கூட்டினேன். ஆளுக்கு 13,180 ரூபா. மிஞ்சின காப்பை வித்து, கோழி வளர்த்து, 2013 வரைக்கும் நாலு பேருக்குக் கொடுத்து முடித்தா.

ஐந்தாவது அந்தத் தையல்காரி அக்கா. மாத்தளனுக்குப் பிறகு அவவைக் கண்டவர் இல்லை. அவவின் 13,180 ரூபாவை அம்மம்மா தன் பெயரில் தனிப் புத்தகம் திறந்து போட்டா. அம்மம்மாவுக்குப் பிறகு அது என் பெயருக்கு மாறியது. நிலையான வைப்பில் போட்டிருந்தால் இன்னும் ஏறியிருக்கும். ஆனால் அவ வந்து கேட்கிற அன்றைக்கு, தவணை முடியட்டும் என்று நான் சொல்லக்கூடாது.

வட்டியும் சேர்ந்து இப்போது அது 20,000 ரூபாவைச் சற்றுத் தாண்டி நிற்கிறது. அவ காத்திருந்த முழுச்சீட்டுக் காசு. போன கிழமை வவுனியாவில் ஒரு கடையில் தையல் மிசினின் விலை கேட்டுப் பார்த்தேன். அதில் பாதிக்கும் காணாது.