தொப்பையோடு நிற்கும் ராஜா

மதுரைப் புதுமண்டபத்துத் தூணில் திருமலை நாயக்கர் கைகூப்பி நிற்கிறார். நல்ல தொப்பை. சிற்பி அதை மறைக்கவே இல்லை. 17ஆம் நூற்றாண்டில் மண்டபத்தைக் கட்டியவரே அவர்தான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உளி கேட்டிருக்கும். சொன்னதாகத் தெரியவில்லை!

அங்கிருந்த தையல்கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்தில். போன வாரம் ஒரு கல்லூரிப் பெண், இஞ்சு டேப் இடுப்பைத் தொட்டதுமே வயிற்றை எக்கிக்கொண்டாள். "மூச்ச விடு தாயி, பெறகு பிடிக்குதுன்னு எங்கிட்டதான் வந்து நிப்ப" என்றார் டெய்லர். அவள் கண்ணெல்லாம் செல்போனில், மாடல் பெண்ணின் இடுப்பில்.

2005இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கண் எங்கே போகிறது என்று கருவி வைத்தே பார்த்தார்கள். சாப்பாடு, எடை என்று உழல்கிற பெண்கள், தங்கள் படத்தில் பிடிக்காத இடத்தையே அதிகம் பார்த்தார்கள். அடுத்தவர் படத்தில் அழகான இடத்தை. மற்ற பெண்கள் நேர்மாறு.

கல்யாண குரூப் போட்டோ வாட்ஸ்அப்பில் வந்ததும் நம் வீட்டுப் பெண்கள் எதை ஜூம் செய்கிறார்கள் என்று கவனியுங்கள். முக்கால்வாசிப் பேர் தங்கள் கையை, தாடையை. எங்கள் சின்னம்மா மட்டும் தன் தோட்டை.