ஆச்சி குடித்த கூழ்

எனக்கு நீரிழிவு நோய் கண்டிருப்பதாக வைத்தியர் சொன்ன நாள் முதல், உறவினரும் நண்பரும் ஒரே அறிவுரையைத்தான் கூறி வருகின்றனர்: "பாணை விடு. எங்கட பழைய சாப்பாட்டுக்குத் திரும்பு. குரக்கனும் ஒடியலும் திண்ட சனத்துக்கு ஒரு வருத்தமும் வரேல்லை."

இக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. தீட்டிய வெள்ளரிசியையும் கோதுமை மாவையும் விடத் தவிடு நீங்காத தானியங்கள் பொதுவாக உடம்புக்கு உகந்தவை. 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்துண்டு. அரிசியில் அதன் பத்திலொரு பங்குமில்லை. வைத்தியரும் இதை மறுக்கவில்லை.

ஆனால், "ஒரு வருத்தமும் வரேல்லை" என்னும் போதுதான் என் ஆச்சியின் முகம் கண்முன் வந்து நிற்கிறது. ஆச்சி பெற்றது ஒன்பது, பிழைத்தது நான்கு. இது எங்கள் குடிசையின் கதை மட்டுமன்று. 1946 ஆம் ஆண்டில் இந்நாட்டிற் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 140 குழந்தைகள் ஒரு வயது நிரம்புமுன் இறந்தன. 1934–35 ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளை நோய் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் குடித்தது. பழைய உணவை உண்ட மக்கள்தாம் அவர்களும். நீரிழிவு தோன்றும் வயதை எட்டுமுன்பே பலர் மாண்டுபோயினர் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

அந்த உணவு எவர் உழைப்பில் உருவானது என்பதையும் மறந்துவிடுகிறோம். பனங்கொட்டையைப் பாத்தியிலே புதைத்து, கிழங்கைக் கிண்டியெடுத்து, இரண்டாகக் கிழித்து, வெயிலிற் காயவைத்து, உரலில் இடித்து, மாவை நீரில் ஊறவிட்டுக் கசப்பைப் பிழிந்தெடுத்த பின்னரே ஒடியல் உணவாகும். ஆச்சியின் உள்ளங்கைகள் உலக்கை பிடித்துக் காய்த்துப் போயிருந்தன. வசதியுள்ள வீடுகளில் நண்டும் இறாலும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் போட்டு வாசத்துக்காகக் காய்ச்சிய கூழையே, எங்கள் வீட்டில் முருங்கையிலையும் நாலு சின்ன மீனும் போட்டுப் பசிக்காகக் காய்ச்சினார்கள். பெயர் ஒன்று, கூழ் இரண்டு.

அண்மையில் ஒரு விருந்திலே பனையோலைப் பிளாவிற் கூழ் வார்த்துக் கொடுத்தார்கள். எல்லோரும் மகிழ்ந்து, எமது பண்பாடு என்று புகழ்ந்தார்கள். நான் பிளாவைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். பெரிய வீட்டு முற்றத்தில் நெல்லுக் குற்றிவிட்டு நின்ற ஆச்சிக்கும் பிளாவிலேதான் வார்த்தார்கள். அவர் கை பட்டால் அந்த வீட்டுச் செம்பு தீட்டாகிவிடும் என்பதே அதற்குக் காரணம். அந்தப் பிளாவை எவ்வாறு நான் பண்பாடு என்று கொண்டாடுவேன்?

கோதுமை மா வந்த வழியும் எண்ணிப் பார்க்கத் தக்கது. 1953 இல் ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. மக்கள் ஹர்த்தால் செய்து குண்டடி பட்டனர். அடுத்த ஆண்டிலே அமெரிக்கா தன் உபரித் தானியத்தை உலகெங்கும் அனுப்புவதற்கு ஒரு சட்டம் செய்தது. எம்மவர் 'அமெரிக்கன் மா' என்றே அதனை அழைத்தனர். மலையகத்தில் அது உழைப்பாளரின் ரொட்டியாயிற்று. மலிவாக வந்த மா எமது நாவையும் மாற்றியது, உண்மை. எனினும் பாண் வாங்கிய நாளிலே ஆச்சியின் உலக்கை ஓய்ந்திருந்தது என்பதும் உண்மையே.

பழைமையின் மீது கொண்ட மயக்கம் ஆட்சியாளரின் கைக்குச் சென்றால் என்னவாகும் என்பதையும் கண்டுவிட்டோம். நஞ்சற்ற உணவு என்ற பெயரில் 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி ஒரேயடியாகத் தடைசெய்யப்பட்டது. நோக்கத்தில் நியாயம் இருந்திருக்கலாம், உழவனை ஆயத்தப்படுத்தவில்லை. நவம்பரிலே தடையைத் தளர்த்திய போது காலம் கடந்துவிட்டது. நெல் விளைச்சல் வீழ்ந்தது. 2022 இல் ஒரு வேளை உணவைக் குறைத்தவர்கள் ஏழைகளே.

நான் இப்போது குரக்கன் பிட்டு உண்கிறேன். வைத்தியர் தந்த குளிசையையும் தவறாது விழுங்குகிறேன். ஆனால் கடையிலே குரக்கன் மாவின் விலை கோதுமை மாவின் விலையிலும் மிக அதிகம். ஒரு காலத்தில் அரிசிக்கு வழியற்றவர் உண்ட தானியம் இன்று வசதியுள்ளவரின் மருந்தாகிவிட்டது. என் அயலிலே கூலி வேலை செய்யும் பெண்ணுக்கும் இதே நோய்தான். "குரக்கன் சாப்பிடுங்கோ பிள்ளை" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் காலையில் அரை இறாத்தல் பாண் வாங்கிக்கொண்டு வேலைக்கு ஓடுகிறார்.

முன்னோரின் உணவு நல்லதா என்று கேட்பவர்கள், அது அந்தப் பெண்ணின் கோப்பைக்கு எப்போது வரும் என்றும் சேர்த்தே கேட்கட்டும்.