அது உங்கட பிளேன், அப்பா

எங்கள் வீட்டு பேஸ்மென்டில் ஒரு மேசை இருக்கிறது. வரிக் கடிதங்கள், பழைய வயர்கள், எந்தப் பூட்டுக்கு உரியவை என்றே தெரியாத திறப்புகள் எல்லாம் குவிந்து கிடந்த மேசை. போன ஜனவரியில் அதைத் துப்புரவாக்கி, ஒரு பால்சா மர விமானப் பெட்டியைக் கொண்டுபோய் வைத்தேன். மகளுக்கு 11 வயது. அவளும் நானும் சேர்ந்து செய்யப் போகிறோம் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லியிருந்தேன். அந்தச் ‘சேர்ந்து’ என்ற சொல்லின் அர்த்தம் எனக்கு விளங்க மே மாதமாகிவிட்டது.

நான் ஆறு வயதில் ஸ்காபரோவுக்கு வந்தவன். இங்கேயே வளர்ந்து, இங்கேயே பிள்ளை வளர்க்கிற எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சிக்குப் போனால் தெரியும். எரிமலை பிள்ளையின் பெயரில் நிற்கும், ஆனால் அதன் நேரான விளிம்புகளில் அப்பாவின் கை தெரியும். எங்கட அப்பா அம்மா இரண்டு வேலை செய்தார்கள். எங்கள் பள்ளி வேலையை எட்டிப் பார்க்கவும் அவர்களுக்கு நேரம் இருக்கவில்லை. எங்களுக்கு நேரம் இருக்கிறது. அந்த நேரத்தை வைத்துக்கொண்டு, பிள்ளையின் கையில் இருப்பதை வாங்கி, “விடு, நான் செய்யிறன்” என்கிறோம்.

பெட்டியைத் திறந்ததும் மகள் ஒரு பலகையைத் தூக்கிப் பார்த்து, “இது உண்மையா மரமா?” என்று கேட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. ஒரு கன மீட்டர் தண்ணீர் 1000 கிலோ. அதே அளவு பால்சா ஏறக்குறைய 160 கிலோதான். தென் அமெரிக்காவின் எக்குவடோரில் இருந்துதான் உலகத்துக்குப் பெரும்பாலும் வருகிறது. விளையாட்டுச் சாமானுக்கு மட்டும் பயன்பட்ட மரமும் அல்ல. இரண்டாம் உலகப் போரில் பறந்த மொஸ்கிற்றோ விமானத்தின் உடல், மெல்லிய பேர்ச் ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே பால்சாவை வைத்துச் செய்தது. அவற்றில் ஆயிரத்துக்கு மேல் எங்கள் ரொறன்ரோவின் டவுன்ஸ்வியூவில் கட்டினார்கள். இதைச் சொன்னபோது மகள் கேட்டாள். மேலே கதிரையில் இருந்த என் அப்பாவும் இறங்கி வந்து கேட்டார். ஒரு துண்டை நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டு, “இது மரமோ, நெட்டியோ?” என்றார்.

அது ரப்பர் முறுக்கிப் பறக்க விடும் விமானம். இறக்கையின் நீளம் நுனிக்கு நுனி 24 அங்குலம், 61 சென்ரிமீட்டர். மேலே இறக்கை, கீழே சின்ன உடல், சக்கரங்கள். அதை ரேடியோவால் ஓட்டும்படி மாற்றுவதுதான் எங்கள் திட்டம். ரப்பருக்குப் பதில் சின்ன மின்மோட்டார். அதற்கு வேகக் கட்டுப்பாடு, ரேடியோவின் வாங்கி, ஒரு லித்தியம் பற்றரி. வாலின் நிலைத்த பகுதிகளை வெட்டி, பின் ஓரத்தை அசையும் மடலாக்க வேண்டும்: ஒன்று மேலே கீழே, ஒன்று இடம் வலம். அவற்றை இழுக்க 4 கிராம் சேர்வோ இரண்டு. இறக்கையில் ஒன்றும் அசையாது. இரண்டு பக்கமும் மேல்நோக்கிச் சாய்ந்து நிற்பதால், வாலைத் திருப்பினால் விமானம் தானாகவே சரிந்து திரும்பும்.

மூன்று மாதம் வேலை செய்தோம். உண்மையைச் சொன்னால், நான் வேலை செய்தேன். கத்தி கூர் என்று நான் வெட்டினேன். பசை கையில் ஒட்டும் என்று நான் ஒட்டினேன். மகள் குண்டூசி எடுத்துத் தந்தாள். பிறகு குண்டூசி எடுத்துத் தரவும் வராமல், மேலே போய் டிவி பார்த்தாள். விமானமோ அழகாக வந்தது. வெள்ளைத் தாள், நேர் கோடுகள், சமையலறைத் தராசில் 128 கிராம். கனடாவில் 250 கிராமுக்குக் குறைந்ததைப் பதிவு செய்யத் தேவையில்லை. ஆனாலும் ஆட்களுக்கோ வேறு விமானங்களுக்கோ ஆபத்து வரும்படி விடக்கூடாது. நகரப் பூங்காக்களுக்கு வேறு விதிகள் இருக்கும். அதனால் மார்க்கத்துக்கு வடக்கே, தெரிந்த ஒருவரின் பண்ணையில் கேட்டு அனுமதி வாங்கினோம்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை காலை, காற்றே இல்லை. ரேடியோ என் கையில். “முதல்ல அப்பா விட்டுப் பார்க்கிறன், பிறகு நீ” என்றேன். எறிந்தேன். விமானம் மூக்கைத் தூக்கியது. நான் கீழே அமுக்க அமுக்க அது இன்னும் தூக்கி, ஆகாயத்தில் ஒரு கணம் நின்று, ஒரு பக்கம் சாய்ந்து, நேரே மண்ணில் குத்தியது. மொத்தம் ஐந்து விநாடி இருக்காது.

மூன்று மாத உழைப்பு. பிள்ளை அழப்போகிறாள் என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். அவள் அழவில்லை. என் தோளைத் தட்டி, “பரவாயில்லை அப்பா. அது உங்கட பிளேன்தானே. நீங்க இன்னொண்டு செய்யலாம்” என்றாள்.

ஆறுதலுக்காகத்தான் சொன்னாள். எனக்கு மூக்கு உடைந்த விமானத்தைவிட அந்த ஆறுதல்தான் வலித்தது.

அன்று பின்னேரம் உடைசல்கள் மேசையில் கிடந்தன. அப்பா இறங்கி வந்து, தொங்கிய தாளைத் தடவி, “இது எங்கட பட்டம் ஒட்டுற ரிசுப் பேப்பர் எல்லோ!” என்றார். அவர் வடமராட்சியில் பிறந்தவர். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் வாடைக்காற்றில் ஏறும் பட்டங்களைப் பற்றி அவர் பேசத் தொடங்கினால் தேநீர் ஆறிவிடும். நடந்ததைக் கேட்டுவிட்டு உடனே தீர்ப்புச் சொன்னார்.

“வால் காணாது. அதுதான் குத்தினது.”

நான் வாயைத் திறக்க முதல் மகள் சொன்னாள்: “இல்லை அப்பப்பா. வால் கூடிப்போச்சு.”

“பட்டம் குத்தினா வாலை நீட்டோணும் பிள்ளை. எனக்கு அறுபது வரியமாத் தெரியும்.”

“இது பட்டம் இல்லை அப்பப்பா.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். பதில் எனக்குத் தெரியும். பிழையும் என்னுடையதே. வெளியே தெரியாமல் அழகாக இருக்கட்டும் என்று இரண்டு சேர்வோவையும் வாலுக்குக் கிட்ட வைத்திருந்தேன். இறக்கையின் முன் விளிம்பிலிருந்து 3 சென்ரிமீட்டரில் சமநிலை வந்திருக்க வேண்டும். வந்தது நாலரையில். ‘கொஞ்சம்தானே’ என்று விட்டிருந்தேன். ஆனால் அன்று, என் வாழ்க்கையில் அபூர்வமாக, “தெரியேல்லை, நீங்களே கண்டுபிடியுங்கோ” என்று சொல்லிவிட்டுத் தேநீர் போட மேலே போனேன்.

திரும்பி வந்தபோது, மிஞ்சிய பால்சாவில் கையால் எறியும் சின்னக் கிளைடர் ஒன்று செய்திருந்தார்கள். அப்பா அதற்குத் தாளில் வால் கட்டினார். எறிந்தார்கள். மூக்கைத் தூக்கி, பின்னால் சரிந்து விழுந்தது. வாலை இன்னும் நீட்டினார். இன்னும் மோசம். மகள் வாலைக் கழற்றிவிட்டு, மூக்கில் பயறளவு பிளாஸ்ரிசின் ஒட்டினாள். பேஸ்மென்டின் அந்தச் சுவர்வரை நேராகப் போய் மெல்ல இறங்கியது. பயறு கடலையளவானதும் மூக்கால் குத்தியது. பாதியைக் கிள்ளி எடுத்தாள். மறுபடி நேராகப் போனது.

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். “பட்டத்தை நூல் பிடிச்சு வைச்சிருக்கு. இதை ஆர் பிடிக்கிறது? அதுதான் வித்தியாசம்” என்றார். பிறகு முச்சையைப் பற்றி விளங்கப்படுத்தினார். பட்டத்தில் மூன்று நூலும் சேர்கிற முடிச்சை விரல் அகலம் அரக்கினால் போதும், ஏறுகிற பட்டம் குத்தும், குத்துகிற பட்டம் ஏறும். மகள் உடைந்த விமானத்தின் செட்டைக்குக் கீழே இரண்டு விரலை வைத்துத் தூக்கிக் காட்டி, “அப்ப இதுதான் இதின்ர முச்சை” என்றாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் அவள் ‘இறக்கை’ படித்தவள். ‘செட்டை’யை அன்று மேசையில் எடுத்தாள்.

அதன் பிறகு கணக்கு. பூங்காவில் இருக்கும் சீசோவை நினைத்துக்கொள்ளுங்கள். சேர்வோ இரண்டும் 8 கிராம், சமநிலைப் புள்ளிக்கு 20 சென்ரிமீட்டர் பின்னால். எட்டு இருபது 160. மூக்கு 8 சென்ரிமீட்டர்தான் முன்னால். அதைச் சரிக்கட்ட மூக்கில் 20 கிராம் ஈயம் வேண்டும். 128 கிராம் விமானத்துக்கு அது பெரிய பாரம். “ஈயம் ஏன்? சேர்வோவை முன்னுக்குக் கொண்டுவந்தால் சரிதானே” என்று மகளே சொன்னாள். இறக்கைக்குக் கீழே வைத்து, வால்வரை மெல்லிய கம்பி விடுவது என்று முடிவானது.

திருத்துகிற வேலையை அவள் எடுத்தாள். நான் கத்தி பிடிக்கும் விதத்தை ஒருமுறை காட்டினேன்: உலோக அளவுகோல், கத்தி போகும் பாதையில் மறு கை இல்லை, ஒரே வெட்டில் அறுக்காமல் மெல்ல மெல்ல நாலு தரம். உடனே ஒட்டுகிற பசை வேண்டாம், வெள்ளைப் பசை போதும் என்றேன். உடைந்த விலாக்களை மட்டையில் வரைந்து புதிதாக வெட்டினாள். மூன்று பழுதானது, நாலாவது பொருந்தியது. தாள் போதாததால் பிறந்தநாள் பரிசு சுற்றிவந்த பச்சை ரிசுப் பேப்பரை ஒட்டினாள். தண்ணீர் தெளித்துத் தாள் இறுகும்போது இறக்கை முறுகாமல் இருக்க, பலகையில் குண்டூசி குத்தி அமத்தினாள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. அவள் நிமிர்த்தி ஒட்டிய வால் சற்றுச் சரிந்திருந்தது. பார்க்கப் பார்க்க எனக்குக் கை துறுதுறுத்தது. ஒரு இரவு எல்லோரும் படுத்த பிறகு இறங்கிப்போய், பசையை நனைத்துக் கழற்றி, நேராக ஒட்டிவிட்டு வந்து படுத்தேன். அடுத்த நாள் காலை கீழேயிருந்து சத்தம் வந்தது: “ஆர் இதைத் தொட்டது?”

ஒத்துக்கொண்டேன். அவள் ஒன்றும் பேசாமல் வாலை உடைத்து எடுத்தாள். சரிந்திருந்தது என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. பாடசாலை மூலைமட்டத்தை வைத்து, தானே ஒட்டினாள். இம்முறை நேராக நின்றது. நான் ஒட்டியதும் நேர்தான். ஆனால் அதைப் பார்த்து அவள் ஒன்றும் பழகியிருக்க மாட்டாள்.

மே மாதம் மறுபடி பண்ணைக்குப் போனோம். வெள்ளையும் பச்சையுமாய், ஒட்டுகள் தெரிய, 141 கிராம். பற்றரியை முன்னும் பின்னும் அரக்கி, விரலில் தூக்கி, 3 சென்ரிமீட்டரில் சமநிலை பார்த்தது அவள். ரேடியோவும் அவள் கையில். இரண்டு கிழமை கணினியில் பறந்து பழகியிருந்தாள். விமானம் எங்களை நோக்கி வரும்போது இடம் வலம் மாறிப்போகும். அப்போது எந்தச் செட்டை தாழ்ந்திருக்கோ அந்தப் பக்கம் குச்சியைத் தள்ள வேண்டும். “தாழ்ந்த பக்கம், தாழ்ந்த பக்கம்” என்று முணுமுணுத்தபடி நின்றாள். பட்டம் ஏற்றும்போது தூரத்தில் பிடித்து நிற்பவரைப் போல அப்பா விமானத்தைப் பிடித்து நின்றார். “விடுங்கோ அப்பப்பா!”

ஏறியது. ஒரு தரம் ஆடி, பிறகு நிதானமாகி, பெரிய வட்டமாகச் சுற்றியது. நாலு நிமிடம். எனக்குச் செய்ய ஒரு வேலையும் இருக்கவில்லை. கையை எங்கே வைப்பதென்றும் தெரியவில்லை. பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இறக்கும்போது தூரத்தைக் கணிக்கத் தவறி, வேலித் தூணில் இடது செட்டை பட்டு முறிந்தது. ஓடிப்போய்த் தூக்கிப் பார்த்தாள். அழுதாள். விம்மி விம்மி அழுதாள். “விடு, நான்…” என்று என் வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். அப்பா புல்லில் குனிந்து, தெறித்த விலாத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் தொப்பிக்குள் போட்டார்.

நீங்களும் தொடங்குவதென்றால் இரண்டு விஷயம். லித்தியம் பற்றரியை ஆள் இல்லாத நேரம் சார்ஜில் விடாதீர்கள். தீப்பிடிக்காத தட்டில் வைத்து, பக்கத்தில் இருங்கள். அடுத்தது, பிள்ளை எதை வெட்டும், எதை ஒட்டும் என்று பெட்டியைத் திறக்க முதலே பேசி வையுங்கள். பழுதாகப் போவதற்கென்றே பால்சா கொஞ்சம் கூட வாங்குங்கள். அது மலிவுதான்.

திரும்பி வரும்போது காருக்குள் கனநேரம் சத்தம் இல்லை. ஹைவேக்கு ஏறும் முன் பின் சீற்றிலிருந்து குரல் வந்தது.

“அப்பா, வெள்ளைப் பசை முடிஞ்சுது. போற வழியில நிப்பாட்டுங்கோ. நான் போய் வாங்கிறன்.”

கடை வாசலில் நிறுத்தினேன். காசைக் கொடுத்துவிட்டு, நான் காரிலேயே இருந்தேன்.