இருபது சென்டிமீட்டர் சீ ஹாரியர்

பொட்டி தட்டுற பொழப்புல ஒரு குறை உண்டு மக்களே. செஞ்ச வேலையைக் கையில எடுத்து யார்கிட்டயும் காட்ட முடியாது. "நீ என்னதான்டா பண்ற?"ன்னு ஊர்ல பெரியம்மா கேட்டா, சர்வர், டேட்டாபேஸ்னு ஆரம்பிச்சு பாதியில நமக்கே போரடிச்சுடும். அதனாலயோ என்னவோ, நம்ம ஆளுங்க பல பேர் சாயங்காலமானா கையால ஏதாவது செய்யக் கிளம்பிடறாங்க. ஒருத்தன் மாடியில கத்தரிக்காய் வளர்க்கறான், இன்னொருத்தன் ரொட்டி சுடறான். எனக்கு வாய்ச்சது பிளாஸ்டிக் விமானம்.

பொம்மைன்னு நினைச்சுடாதீங்க. இது 1/72 அளவு மாடல். நிஜ விமானத்துல 72 சென்டிமீட்டர் இருக்கறது இங்கே ஒரு சென்டிமீட்டர். ஆறடி மனுஷன் சரியா ஒரு அங்குலம் ஆயிடுவான். பெட்டியைத் திறந்தா சாம்பல் நிற பிளாஸ்டிக் சட்டங்கள்ல துண்டு துண்டா விமானம் ஒட்டிக்கிட்டிருக்கும். கட்டரால நறுக்கி, நறுக்கின தழும்பை உப்புத்தாள்ல தேய்ச்சு, சாமணத்தால பிடிச்சு ஒட்டணும். ஒட்டறதுன்னா ஃபெவிகால் சமாச்சாரம் இல்லை. பிளாஸ்டிக் சிமென்ட்னு ஒண்ணு இருக்கு. அது ரெண்டு பக்கத்து பிளாஸ்டிக்கையும் கரைச்சு ஒண்ணாக்கிடும். காய்ஞ்சப்புறம் பிரிக்க முடியாது. கன்ட்ரோல் இசட் கிடையாது :-)

இந்த தடவை எடுத்தது ஏர்ஃபிக்ஸ் கம்பெனியோட சீ ஹாரியர். நம்ம கடற்படையில 300-வது ஸ்குவாட்ரன், அதாவது 'வெள்ளைப் புலிகள்', ஓட்டின போர் விமானம். 1983 டிசம்பர்ல முதல் விமானங்கள் கோவா வந்து சேர்ந்துச்சு. 2016 மே 11-ஆம் தேதி அதே கோவாவில வழியனுப்பி வெச்சாங்க. நிஜத்துல பதினாலரை மீட்டர் நீளம், மாடல்ல இருபது சென்டிமீட்டர். இறக்கை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பதினோரு சென்டிமீட்டர்கூட இல்லை. அது நின்ன ஐஎன்எஸ் விராட் கப்பலையும் இதே அளவுல செஞ்சா மூணு மீட்டரைத் தாண்டிடும். அதுக்கு வேற வீடு பாக்கணும்.

கப்பல்ல இறங்கற விமானம்னா சில அடையாளங்கள் இருக்கும். வாலுக்கடியில ஒரு கொக்கி, தளத்துல குறுக்கே கட்டின கம்பியைப் பிடிச்சு நிறுத்தறதுக்கு. மடக்கற இறக்கை, லிஃப்டுல ஏத்தி கப்பல் வயித்துக்குள்ள இறக்கறதுக்கு. சீ ஹாரியர்ல கொக்கியும் கிடையாது, இறக்கையும் மடங்காது. ரேடார் இருக்கற மூக்கு மட்டும் கதவு மாதிரி ஒரு பக்கமா மடங்கும். கொக்கி ஏன் இல்லைன்னா, இது ஓடி வந்து இறங்கறதில்லை. கப்பல் பக்கத்துல வந்து, அந்தரத்துல நின்னு, நேரா கீழே இறங்கும்.

அந்த வித்தை எல்லாம் வயித்துக்குள்ள இருக்கற பெகாசஸ் இன்ஜின்லயும், பக்கத்துக்கு ரெண்டா இருக்கற நாலு குழாய்லயும்தான். குழாய்களைப் பின்பக்கம் திருப்பினா முன்னே போகும், கீழே திருப்பினா தாங்கி நிக்கும். கிளம்பறப்ப மட்டும் கொஞ்ச தூரம் ஓடி, கப்பல் முனையில மேல்நோக்கி வளைச்சுக் கட்டின சரிவுல ஏறிக் குதிக்கும். விராட்ல அந்தச் சரிவு 12 டிகிரி. முழு சுமையோட செங்குத்தா எழும்ப இன்ஜினுக்கு பலம் பத்தாது.

இதெல்லாம் புத்தகத்துல இருக்கற விஷயம். புத்தகத்துல இல்லாதது எங்க வீட்டு ஹால் சோஃபாவுல படுத்திருந்துச்சு.

எங்க மாமா, அம்மாவோட அண்ணன். 1983-ல கடற்படையில சேர்ந்து, இன்ஜின் மெக்கானிக்கா சீ ஹாரியர்ல வேலை பாத்து, பதினஞ்சு வருஷம் முடிச்சு 98-ல வெளிய வந்தவர். அப்புறம் திருமங்கலத்துல மோட்டார் ரிப்பேர் கடை. நேவி கதை கேட்டா, "என்னத்தடா, நட்டு முடுக்கினேன்"னு ஒரே வரியில முடிச்சுடுவார். கண்புரை ஆபரேஷனுக்காக சென்னை வந்து எங்க வீட்டுல ரெண்டு வாரம் தங்கினார். டிவி பாக்கக் கூடாது, குனியக் கூடாது, தலைக்குக் குளிக்கக் கூடாது. மனுஷன் என்னதான் செய்வார், என் மேஜை பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்துட்டார்.

முதல் நாலு நாள் பேச்சே இல்லை. நான் பின்பக்கக் குழாய்க்குக் கருப்பு அடிச்சு, முன்பக்கக் குழாயை எடுத்தப்பத்தான் வாயைத் திறந்தார்.

"மாப்ள, முன்னாடி ரெண்டும் சுத்தமா இருக்கணும். அது பச்சக் காத்து."

இன்ஜினோட முன்விசிறி தள்ளற காத்துல ஒரு பகுதி எரியாமலே முன்குழாய் வழியா போயிடும். பின்குழாய்லதான் எரிஞ்ச புகை. அதனாலதான் பின்குழாய்க்குப் பின்னாடி உடம்புல சூடு தாங்கற தகடு வெச்சிருக்காங்க. புகைக்கறையும் அங்கதான். நாலு குழாயும் ஒண்ணா எப்படித் திரும்பும்னு கேட்டேன். "செயின்தான். சைக்கிள் செயின் மாதிரி. உள்ள ஒரு காத்து மோட்டார் இழுக்கும்"னார். பைலட் பக்கத்துல ஒரே ஒரு நெம்புகோல். அதைத் தள்ளினா நாலும் சேர்ந்து திரும்பும். உலகத்தையே அசத்தின விமானத்துக்குள்ள செயினா! எனக்குத் தூக்கம் வரலை அன்னிக்கு.

அதுக்கப்புறம் மடை திறந்த மாதிரிதான்.

காத்து உள்ளே போற வாயைச் சுத்தி சின்னச் சின்னக் கதவுகள் இருக்கும். மெதுவாப் போறப்ப இன்ஜினுக்குக் கூடுதல் காத்து வேணும், அப்ப உறிஞ்சற வேகத்துல தானாத் திறந்துக்கும். நிறுத்தி வெச்ச விமானத்துல அது எப்படி இருக்கும்? "மேல இருக்கறது தொங்கிடும், கீழ இருக்கறது மூடிக்கும். உள்பக்கமா விழற கதவு மாப்ள, பூமி இழுக்காதா?" நியூட்டனை இவ்வளவு லேசா எங்க காலேஜ்ல யாரும் சொல்லித்தரலை.

அந்தரத்துல நிக்கறப்ப இறக்கைக்கு வேலையில்லை. வேகமே இல்லாதப்ப வாலை ஆட்டி என்ன பிரயோஜனம்? அதுக்காக மூக்கு, வால், ரெண்டு இறக்கை முனைன்னு சின்ன ஓட்டைகள். இன்ஜின்லேர்ந்து அழுத்தக் காத்தை அங்க கொண்டுபோய் ஊதி சமநிலை பிடிப்பாங்க. மாடல்ல அது ஊசிமுனை அளவு. அதைத் தோண்டறப்ப மாமா மூச்சை அடக்கிட்டுப் பாத்தார்.

இன்னொண்ணும் சொன்னார். வெயில் ஏறினா காத்து லேசாகும், இன்ஜின் பலம் குறையும். இங்கிலாந்துக் குளிருக்கு யோசிச்ச இன்ஜின் கோவா மே மாசத்துல திணறும். அதுக்கு இன்ஜினுக்குள்ள தண்ணி பீச்சுவாங்க, சூட்டைக் குறைச்சுக் கொஞ்ச நேரம் கூடுதல் பலம் வாங்க. விமானத்துலயே இருநூறு லிட்டருக்கு மேல பிடிக்கற தண்ணித் தொட்டி இருந்துச்சு. "பெட்ரோல் இருக்கான்னு எல்லாரும் பாப்பான். நான் தண்ணி இருக்கான்னு பாப்பேன்"னார்.

இறக்கையை ஒட்டற நாள் வந்துச்சு. மேல் இறக்கை ஒரே துண்டு, முதுகு மேல தொப்பி மாதிரி உக்காரும். மாமா கையைப் பிடிச்சு நிறுத்திட்டார். "இன்னும் கொஞ்ச நேரம் திறந்தே இருக்கட்டும்." நிஜத்துலயும் அப்படித்தானாம். இன்ஜினை மாத்தணும்னா மொத்த இறக்கையையும் கழட்டித் தூக்கினாத்தான் வெளிய எடுக்க முடியும். அவர் பதினஞ்சு வருஷம் பாத்த காட்சி அது. முதுகு திறந்த ஹாரியர். மத்தவங்க எல்லாம் அதைப் பறந்துதான் பாத்திருப்பாங்க.

நடுவுல என் பாடும் சொல்லிடறேன். இந்த விமானத்துக்கு சக்கரம் சைக்கிள் மாதிரி முன்னும் பின்னும் ஒரே கோட்டுல. சாயாம இருக்க இறக்கை முனையில ரெண்டு குட்டி சக்கரம். நாலு இடமும் ஒரே நேரத்துல தரையைத் தொடணும். ஒரு கால் அரை மில்லிமீட்டர் தூக்கினாலும் டீக்கடை பெஞ்சு மாதிரி ஆடும். கண்ணாடித் துண்டு மேல வெச்சு, சிமென்ட் காயறதுக்குள்ள நகர்த்தி நகர்த்தி நிக்க வெச்சேன். மூட்டெல்லாம் பட்டி பாத்துத் தேய்ச்சு, மழை நின்ன ரெண்டு நாள் பாத்து பெயின்ட். ஈரக் காத்துல அடிச்சா பளபளப்பு போய் வெளுத்துடும். மேல கருஞ்சாம்பல், அடியில வெள்ளை, மாமா காலத்து நிறம். பெட்டியில வந்தது சைட்விண்டர் ஏவுகணை. நம்ம ஆளுங்க மாட்டினது பிரெஞ்சுக்காரங்களோட மாஜிக். அதுக்கு முன்னாடி ரெண்டு வரிசை சிறகு. நாலு சென்டிமீட்டர்கூட வராது, பிளாஸ்டிக் குச்சியில சீவிச் செஞ்சேன்.

கடைசியா டெக்கால். தண்ணியில ஊறவெச்சு நகர்த்தி ஒட்டற எழுத்துகள். இந்திய அடையாளங்கள் உள்ள தாளைத் தனியா வாங்கியிருந்தேன். மூவண்ண வட்டம், வெள்ளைப் புலி, அப்புறம் நம்பர்கள். நம்மகிட்ட இருந்த ஒத்தை இருக்கை விமானங்கள் 23. நம்பர் 601-லேர்ந்து 623 வரைக்கும். பயிற்சி விமானங்களையும் சேர்த்தா கிட்டத்தட்ட முப்பது. அதுல பாதிக்கு மேல விபத்துகள்ல போயிடுச்சு. சில பைலட்டுகள் குதிச்சுத் தப்பிச்சாங்க, சிலர் தப்பலை.

"எந்த நம்பர் போடட்டும் மாமா?"

தாளை வாங்கி, ஆபரேஷன் பண்ணின கண்ணுக்குப் பக்கத்துல பிடிச்சு ரொம்ப நேரம் பாத்தார். அப்புறம் மேஜை மேலயே வெச்சுட்டார். "ஒண்ணைப் போட்டா மத்ததெல்லாம் ஏன்னு கேக்கும் மாப்ள." எழுந்து பால்கனிக்குப் போயிட்டார்.

எனக்கு அது வரைக்கும் நம்பர்ங்கறது ஒரு ஸ்டிக்கர். அவருக்கு ஒவ்வொண்ணும் கையெழுத்துப் போட்டு அனுப்பின விமானம். ஒரு மெக்கானிக் சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டாத்தான் பைலட் ஏறுவார். அது திரும்பி வர்ற வரைக்கும் அந்தக் கையெழுத்து வயித்துல கனக்கும்னு ஒரு தடவை சொல்லியிருந்தார். பறவை அடிச்சாலும், கடல் விழுங்கினாலும், அன்னிக்கு ராத்திரி முதல்ல தன் கையைத்தான் பாத்துக்குவார். நான் எழுதற கோடுல பிழை வந்தா ஒரு டிக்கெட் வரும், காலையில சரி பண்ணிடலாம்.

மூணாவது நாள், ஊருக்குக் கிளம்பற காலையில, தாளை எடுத்து ஒரு நம்பர் மேல விரலை வெச்சார். ஒட்டினேன். எந்த நம்பர்னு இங்க எழுதலை. அது விழுந்ததா, கடைசி வரைக்கும் பறந்ததான்னு நெட்டுல தேடினா ரெண்டு நிமிஷத்துல தெரியும். தேடலை.

விராட் 2017 மார்ச்ல ஓய்வு பெற்று, 2020-ல குஜராத் அலங் கடற்கரைக்கு உடைக்கப் போச்சு. பால்க்லாந்து சண்டையில 'ஹெர்மிஸ்'ங்கற பேர்ல பிரிட்டிஷ் கடற்படைக்குத் தலைமைக் கப்பலா இருந்தது அது. ஹாரியர்கள்ல சிலது கோவா கடற்படை விமான அருங்காட்சியகம் மாதிரி இடங்கள்ல நிக்குது. ஆபரேஷன் பண்ணின கண்ணு தேறினதும் மாமாவைக் கூட்டிட்டு ஒரு தடவை போகணும். அடுத்த மாசம் இன்னொரு கண்ணுக்கு வர்றார்.

நேத்து போன் பண்ணி ஒரு குறை சொன்னார். "காத்து போற வாய்க்கு மூடி போடலையேடா? ராத்திரி திறந்து வெச்சா குருவி பூந்துடும்." உள்ளே ஒவ்வொரு இதழா நான் வெள்ளி அடிச்ச விசிறி இனி யார் கண்ணுக்கும் தெரியாது. இருக்கட்டும். சிவப்பு மூடி ரெண்டு செதுக்கிட்டிருக்கேன்.